பக்கத்து அறைக்கு ஒரு போன்

இன்னாசி கூடத்துக்குள் வந்ததும், போன் வேலைக்கு வந்திருந்த ஜோன்ஸிடம் காபியை நீட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பிலோமினா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது.

வயசான காலத்தில் இப்படி ஒரு சண்டையா என்று ஜோன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. புன்னக்காயலில் அந்த ஒரு வீட்டில்தான் விளக்கு, விசிறி, வாசல் கேமரா எல்லாம் ஒரு சின்னப் பெட்டி சொல்வதைக் கேட்கும். துபாயிலிருக்கும் மகள் ஆன்லின் வாங்கிக் கொடுத்தது.

அந்தப் பெட்டியில் ஒரு போன் சர்வரையும் ஏற்ற வேண்டும். இன்னாசி தன் செல்லில் நம்பரை அழுத்தினால், அறைக்குள் இருக்கும் பழைய போன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கூப்பிடு தூரங்கூட இல்ல அண்ணாச்சி. கதவத் தட்டி ரெண்டு வார்த்த பேசினா முடிஞ்சிரும். வெண்ணெயக் கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுதியளே!"

"தட்டினா தொறக்க மாட்டா தம்பி."

"அப்ப அவங்களுக்கும் ஒரு செல்லு வாங்கிக் குடுங்க."

"அத அவ தொட மாட்டா. நான் கப்பல்ல இருந்த காலம் பூரா நாங்க குடும்பம் நடத்துனதே இந்தப் போன்லதான். இப்ப கேபிளு அத்துப்போச்சு, இனி லைன் வராதுன்னுட்டாங்க. அதுலேருந்து அவளுக்கு ஒரு வாய்ச் சோறு ஒழுங்கா எறங்கல. இன்னைக்கு எப்படியாவது அடிக்க வச்சிரு."

சொல்லிக்கொண்டே அவர் தன் செல்லை நீட்டினார். ஜோன்ஸ் கேலியை விட்டுவிட்டு வேலையில் இறங்கினான்.

அறையில் காலையிலேயே வயரை மாட்டியிருந்தான். இப்போது சர்வரை ஏற்றி, இரண்டு நம்பர் போட்டு, அழைத்துப் பார்த்தான். மணி அடித்தது. "அலோ... அலோ..." என்று பிலோமினா கூப்பிடுவது செல்லில் நன்றாகக் கேட்டது; இன்னாசி பேசியதுதான் அங்கே போகவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இன்னாசி கதவு வரைக்கும் ஓடினார். தட்டக் கையைத் தூக்கியவர், தட்டாமலேயே திரும்பி வந்தார். பாவமாக இருந்தது. இந்த வயசிலும் என்ன வீம்பு என்று எரிச்சலாகவும் இருந்தது ஜோன்ஸுக்கு.

தப்பு அவனுடையதுதான். செல்லின் மைக்குக்கு அனுமதி கொடுக்க மறந்திருந்தான். அதைச் சரிசெய்து, ஸ்பீக்கரில் போட்டு, மறுபடி அழைத்தான்.

"பிலோ, நாந்தான்."

"சேசுவே! ஒங்க சத்தத்தக் கேட்டு எத்தன நாளாச்சு!" புதுப்பெண்ணின் குரலாக இருந்தது அது.

சண்டை தீர்ந்த சந்தோஷத்தில் ஜோன்ஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இன்னாசி அதைப் பார்க்கவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மொதல்ல சாப்பிடு பிலோ. கதவத் தொறந்து வச்சிக்கோ."

"மாட்டேன். கப்பல் எப்பக் கரையப் பிடிக்கும்? சீக்கிரம் வாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்குள்ள யாரோ ஒரு கெழவன் நிக்கான்."