நாற்பத்திரண்டு ஜாதகங்கள்

"என்னாடி ராமுத்தாயி, நாப்பத்திரெண்டு பொண்ணுகளையும் காணோம்ங்கிற?"

பாண்டியம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் வந்தாள். எண்பத்தெட்டில் போடியில் அவர்கள் குடும்பத்து ஏலக்காய் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குச் சாமி அறை மரியாதை.

அவள் மகன் வெள்ளைத்துரைக்கு வந்த வரன்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஜாதகக் காகிதங்களைத் தரகர் திருப்பி வாங்கிப் போய்விட்டார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் பட்டியலோடு தேவாரம் ஜோசியரிடம் போயாக வேண்டும். இன்று விட்டால் அவர் காசிக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

ராமுத்தாய் கண்ணைக் கசக்கினாள். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து மண்டியில் வேலை பார்ப்பவள். பாண்டியம்மாளின் ஒன்றுவிட்ட அண்ணன் சின்னமுத்துவின் மகள். சொந்தம்தான், வசதி போதாததால் பட்டியலில் ஏறாத சொந்தம்.

"புது புரோகிராம் எழுதுனேன் அத்தே. ஃபைலைத் தொறக்கையில அப்பெண்டுன்னு சொன்னா, இருக்கிறதுக்குக் கீழ சேத்து எழுதும். நான் அவுட்புட்டுன்னு அடிச்சுட்டேன். பழசு பூராத்தையும் தொடச்சுட்டுத் தொறந்திருச்சு."

"தொறக்கச் சொன்னா தொடைக்குமா? என்னா கூத்துடா இது! ஒன்னைய வேலைக்கு வச்சதே தப்பு!"

"விடும்மா," என்றான் மேசையோரம் நின்ற வெள்ளைத்துரை. "ஃபைல்ல இப்ப ஒண்ணுமே இல்லையா ராமுத்தாயி?"

"ஒரே ஒரு பேரு இருக்கு." அவள் தலை குனிந்தது. "சரியா எழுதுதான்னு பாக்க, எம்பேரையும் நட்சத்திரத்தையும் அடிச்சேன்."

பாண்டியம்மாள் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். தினமும் பார்க்கிற பெண்தான்.

"சின்னமுத்து அண்ணன் மக. மொறதான்... இத்தன நாளா எனக்குத் தோணலியே!" கடிகாரம் பதினொன்றே முக்காலைக் காட்டியது. "வெறுங்கையோட எப்படிப் போறது? இருக்கிறத அடிச்சு வெரசாக் கொண்டா!"

பிரிண்டர் கரகரவென்று ஒற்றை வரியை அடித்துத் தள்ளியது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு பாண்டியம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வெள்ளைத்துரை மேசை டிராயரைப் பூட்டினான். போன சனிக்கிழமை ராமுத்தாயே நகலெடுத்து அவன் கையில் கொடுத்த பிளாப்பியில் நாற்பத்திரண்டு பெண்களும் பத்திரமாக உள்ளே இருந்தார்கள்; காலையிலிருந்து அதை அவளும் கேட்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.