எண்ணெய் குடித்தது

பெயிண்ட் ஆலையில் காற்றைக் கழுவும் கோபுரத்தில் வேலை பார்த்தவன் சூசை. பெயிண்ட் வாடை கலந்த காற்று கீழிருந்து ஏறும். மேலிருந்து எண்ணெய் மழையாய் இறங்கி அந்த வாடையைக் குடித்துவிடும். எண்ணெயைச் சூடாக்கினால் குடித்ததையெல்லாம் திரும்பக் கக்கிவிடும் என்பான். அவன் சட்டையில் மட்டும் தின்னர் நாற்றம் போனதேயில்லை. "வாசல்லயே கழத்திப் போட்டுட்டு வாங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டாள் ஜெசிந்தா.

அவனை அடக்கம் செய்த பிறகும் அந்த நாற்றம் அறையை விட்டுப் போகவில்லை. ஜெசிந்தா படுத்தே கிடப்பது அதனால்தான் என்று நினைத்த நாத்தனார், ஓர் அகலச் சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கட்டிலடியில் வைத்தாள்.

விடிந்ததும் ஜெசிந்தா மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கொடியில் கிடந்த அவன் சட்டையை முகத்தில் அழுத்தினாள். வெறும் துணி.

"பாத்தியளா மைனி, அண்ணன் சொன்ன மாதிரியே எல்லாத்தையும் குடிச்சிட்டு. கொண்டுபோய்க் கொட்டிரட்டா?"

"தொடாத."

சட்டியை இரு கைகளாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். சன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் சட்டையைத் திணித்தாள். அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய்மேல் முகம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.