நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?

"ஏல கருணாகரா, ரெண்டாவது மாடியில தூணுக்குப் பின்னால மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கது யாரு?"

முத்துகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், பயிற்சி கொடுக்கும் பெண் லாவண்யா ஓடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டையே நிறுத்திவிட்டாள்.

அவர் பேசிக்கொண்டிருந்தது ஒரு சைக்கிளின் மேல் உட்கார்ந்து. எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராத சைக்கிள்.

உஸ்மான் ரோட்டில் அவருக்கு நாலு மாடி ஜவுளிக்கடை. முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே தொப்பையும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டவர். "இப்படியே உட்கார்ந்திருந்தீங்கன்னா சீக்கிரம் படுத்துடுவீங்க" என்று டாக்டர் சொன்ன அன்றே, மனைவி ஜெயபாரதி அவரை பாண்டி பஜாருக்கு இழுத்து வந்து ஸ்பின் கிளாஸில் சேர்த்துவிட்டாள். புதியவர்களுக்கான பதினோரு மணி பேட்ச். இன்று முதல் நாள்.

மற்றவர்கள் போனை எதிரில் செருகிப் பாட்டுப் பார்த்தபடி மிதித்தார்கள். இவர் பார்த்தது கடையின் சிசிடிவி. இரண்டு கையும் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால் பேச்சு ஸ்பீக்கரில்தான்.

"பொன்மணி, அண்ணாச்சி. பட்டு செக்‌ஷன்" என்றார் சூப்பர்வைசர் கருணாகரன். "காலு ரெண்டும் வீங்கிப்போச்சுன்னு சொல்லுதா."

"வீங்கினா வீட்டுல போய் உட்காரச் சொல்லு. இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பு."

"பதினோரு வருஷமா இருக்க ஆளு, அண்ணாச்சி..."

"பதினோரு வருஷமா நின்னவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன வந்துது? கஸ்டமர் படியேறி வரும்போது இவ காலை நீட்டிக்கிட்டு இருந்தா கடை விளங்குமா? அனுப்புன்னா அனுப்பு."

போனை வைத்தார். லாவண்யா ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பாட்டு நின்ற கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவள் பாட்டை மறுபடி ஓடவிட்டாள்.

"எல்லாரும் ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற திருகைத் திருப்பி டைட் பண்ணுங்க. சீட்டை விட்டு எழுந்து, நின்னு மிதிக்கணும். ரெண்டே நிமிஷம். சார், உங்களுக்கு முதல் நாள். நீங்க உட்கார்ந்தே மிதிங்க."

பக்கத்து சைக்கிளில் சாந்தோம் ஐரின் டீச்சர். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. அவரே விறுவிறுவென்று எழுந்து நின்று மிதித்தார். முத்துகிருஷ்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று எழுந்தார்.

முதல் இருபது விநாடி கம்பீரமாகத்தான் போனது. முப்பதில் மூச்சு வாங்கியது. நாற்பதில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ... யம்மா!"

லாவண்யா ஓடிவந்து சக்கரத்தை நிறுத்தினாள். அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்தாள். கீழே மண்டியிட்டு, அவர் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பதமாக அமுக்கினாள். முடிச்சுப் போட்ட மாதிரி இருந்த சதை மெல்ல மெல்ல இளகியது.

"நல்லா இருப்பே தாயி. இதெல்லாம் கோர்ஸ்ல சொல்லித் தருவாங்களோ?"

"இல்ல சார். வீட்ல பழக்கம். தினமும் எங்கம்மாவுக்குக் கால் அமுக்கி விட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கமே வரும்."

"அம்மாவுக்கு ரொம்ப வயசோ?"

"நாப்பத்தஞ்சுதான். நாள் பூரா நிக்கிற வேலை சார்."

"அடப்பாவமே! யாரு அந்த இரக்கமில்லாத முதலாளி? எங்க வேலை பாக்காங்க?"

அவள் நிமிரவில்லை. கை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது.

"இப்ப எங்கயும் இல்ல சார். பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் உங்க கடையில, பட்டு செக்‌ஷன்ல இருந்தாங்க."

அறையில் பெடல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

முத்துகிருஷ்ணனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தோடு ரொம்ப நேரம் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. சட்டென்று சைக்கிளில் செருகியிருந்த போனை எட்டி எடுத்தார். இந்தத் தடவை கை இரண்டும் சும்மாதான் இருந்தன. இருந்தாலும் ஸ்பீக்கரைத்தான் அமுக்கினார்.

"ஏல கருணாகரா, பொன்மணியை அனுப்பாதே. அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி."

"சரி, அண்ணாச்சி!"

"இன்னொண்ணு. நாலு மாடியிலயும் பொம்பளைப் பிள்ளைக அத்தனை பேரும் உட்கார ஸ்டூல் போடணும். இப்பவே ஆளை அனுப்பி வாங்கு. செலவைப் பத்தி யோசிக்காதே!"

ஐரின் டீச்சர் கைதட்டினார். மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. லாவண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். 'இதெல்லாம் என்ன பெரிய விஷயம்' என்பதுபோல் முத்துகிருஷ்ணன் கையை உயர்த்தி அடக்கமாகச் சிரித்தார்.

"வாங்குறதுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி அலையணும்?" என்றது ஸ்பீக்கர். "உட்கார இடம் கொடுக்கணும்னு சட்டம் வந்தப்ப வாங்குன முப்பது ஸ்டூலும், நீங்க பூட்டி வைக்கச் சொன்ன குடோன்லதான கெடக்கு. இந்தா, எடுத்துப் போட்டுடுதேன். ஏன் அண்ணாச்சி, இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வாராரா?"