வியர்வைச் செம்மல்

ரோகிணி மேடத்துக்கு அரசு 'வியர்வைச் செம்மல்' பட்டம் கொடுத்த வாரம், அவர் வீட்டில் வேலை செய்யும் தனகோட்டி முட்டிவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வீட்டு வேலையே கட்டாய உடற்பயிற்சி என்று ஆன நாளிலிருந்து எல்லார் மணிக்கட்டிலும் உழைப்பை அளக்கும் ஒரு பட்டை. கழற்றி வைத்தால் ஊரைக் கூட்டும். அதனால் காலையில் இருவரும் பட்டையை மாற்றிக்கொள்வார்கள். மேடத்தின் பட்டை தரை துடைக்கும். தனகோட்டியின் பட்டை சோபாவில் சாய்ந்து முறுக்கு கொறிக்கும்.

டாக்டர் அவள் பட்டையைச் சோதித்துவிட்டு முறைத்தார்.

“ஏம்மா, பகல் பூரா படுக்கைதானா? உடம்பு வளையாதவங்களுக்கு ஆபரேஷன் கிடையாதுன்னு தெரியாது?”

உண்மையைச் சொன்னால் மேடத்தின் பட்டம் போகும். கூடவே தன் வேலையும் போகும். தனகோட்டி தலையை ஆட்டிவைத்தாள்.

“அங்க பாரு, அந்தம்மா இந்த வயசுல எப்படி உழைக்கிறாங்க!”

சுவரில் இருந்த படத்தில் மேடம் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வலிக்கு மாத்திரைகூட வேணாம்மா,” என்றார் டாக்டர். “தினமும் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு பெருக்கித் தொடை. ஆறு மாசம் கழிச்சு வா, பாக்கலாம்.”