உம்மணாமூஞ்சி

"இந்த வீட்டுல என் பேச்சை யாராவது கேட்கறாங்களா?"

மேனேஜர் கத்தியது மனைவியைப் பார்த்து. அவள் வழக்கம்போல "ம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வருஷக்கணக்கில் அவளிடமிருந்து வருவது அந்த ஒற்றை எழுத்துதான். யாராவது வாசலில் வந்து விசாரித்தால், "உம்மணாமூஞ்சி உள்ளே இருக்கா" என்பார் மேனேஜர். கேட்டவர்களும், பாவம் மனுஷன், இவளோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாரோ என்று உச்சுக் கொட்டுவார்கள்.

ஆபீஸுக்குக் காபி எடுத்துப் போக, அலமாரியில் கிடந்த பழைய பிளாஸ்க்கைக் கடுப்போடு திருகினார். புகை வந்தது. புகைக்குப் பின்னால் பூதம் வந்தது.

"மூணு வரம் சார். வாய் என்ன சொல்லுதோ அதைத்தான் தருவேன். மனசுல நினைச்சதுக்கு நான் பொறுப்பில்லை."

மேனேஜர் யோசிக்கவே இல்லை. "இனிமே என் பேச்சை எல்லாரும் கேட்கணும்!"

"தந்தேன் சார்."

பிளாஸ்க்கும் கையுமாக ஆபீஸ் போனார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நண்பனுக்குப் போன் போட்டார். "நம்ம முதலாளி இருக்காரே, மண்டைக்கு வெளியே முடியும் இல்ல, உள்ளே மூளையும் இல்ல" என்று கிசுகிசுத்தார்.

மூன்று மாடிக்கும் கேட்டது. மாடிப்படியில் முதலாளி தடதடவென்று இறங்கி வருவது மேனேஜருக்கும் கேட்டது.

"யோவ் பூதம்! கேட்கணும்னா கீழ்ப்படியணும்னு அர்த்தம்யா!"

"காதுல விழணும்னும் அர்த்தம் இருக்கே சார்."

கதவு தடாலென்று திறந்தது. வேலை போகப்போகிறது.

"ரெண்டாவது வரம்! நான் பேசினதெல்லாம் எல்லாருக்கும் மறந்து போகணும்!"

"எல்லாமேவா சார்?"

"எல்லாமேதான்! சீக்கிரம்யா!"

உள்ளே வந்த முதலாளி வழுக்கையைத் தடவினார். "எதுக்கு வந்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். பூதத்துக்கும் முதல் வரம் மறந்துபோனதால் அதுவும் ரத்தானது. மிச்சம் ஒன்று என்ற கணக்கு மட்டும் அதற்கு மறக்கவில்லை.

இருபது வருஷமாக மேனேஜர் போட்ட உத்தரவு அத்தனையும் ஆபீஸுக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு வேலையெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. மனைவிதான் பாடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க! ஏங்க முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று மேனேஜர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அவள் காபி கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் ஏன் பாடவே இல்லை? ஏன் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசலை? எவ்வளவு யோசிச்சாலும் காரணமே ஞாபகம் வரலை. நான்தான் திமிர் பிடிச்சு இருந்திருப்பேன் போல. மன்னிச்சிடுங்க."

மேனேஜருக்குக் காரணம் ஞாபகம் இருந்தது. உலகத்தில் இனி அவருக்கு மட்டும்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது இவள் பாடினாள். "கழுதைகூட இதைவிடச் சுருதியாக் கத்தும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவளிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து நெஞ்சைப் பிசைந்தது. வெட்கத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல விடு. நான் மன்னிச்சுட்டேன்" என்றார்.

ஆனால் நெஞ்சுக்குள் குத்தியது நிற்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் பிளாஸ்க்கைத் திருகினார்.

"என்னால தாங்க முடியல. நான் பேசினதெல்லாம் எனக்கும் மறந்து போகணும்!"

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா போதுமே சார். வரம் மிச்சமாகுமே?"

"உனக்கெதுக்கு அந்த வேலை? கேட்டதைக் கொடு!"

கொடுத்துவிட்டுப் பூதம் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை மேனேஜர் நிம்மதியாகத் தூங்கி எழுந்தார். மனசில் ஒரு பாரமும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார். சமையலறையிலிருந்து பாட்டு மிதந்து வந்தது.

"என்னடி இது? கழுதைகூட இதைவிடச் சுருதியாக் கத்தும்!" என்றார்.

பாட்டு நின்றது.

"காபி ஆச்சா?"

"ம்."