எந்த பாட்டில், தம்பி?

கையைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய பிறகுதான் அரங்கம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது.

பல்கலைக்கழகத்தில் பொது வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு முந்தைய கடைசிப் படி. சபையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். அறிவிப்பது வழக்கம். யாரும் கேட்காமல் இருப்பது அதைவிடப் பழைய வழக்கம். ஒப்புக்கு இரண்டு கேள்விகளை நண்பர்களிடம் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த இரண்டும் முடிந்துவிட்டன. பின்னால் மைசூர்பாகும் மிக்சரும் பொட்டலமாகிக்கொண்டிருந்தன.

இது மூன்றாவது கை. யாரும் எழுதிக் கொடுக்காத கை.

மயிலாத்தாள். அங்கே ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக, ஆய்வுக்கான செல்களை வளர்ப்பவள்.

மேடையில் அதே ஆய்வகத்து மாணவன் யுகேந்திரன். மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது அவன் ஆய்வு. பேச்சென்றால் சத்தமெல்லாம் இல்லை. அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே சின்னச் சின்ன வாசல்கள். ஒரு செல்லில் சாயத்தை விட்டால் அது வாசல் வழியாகப் பக்கத்து செல்லுக்குப் போகும். கடலை எண்ணெயிலும் இருக்கிற ஒரு கொழுப்பு அமிலத்தை ஊற்றினால் வாசல் சாத்திக்கொள்ளும். சாயம் நின்றுவிடும். அவன் கண்டுபிடிப்பு இதுதான்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. அத்தனை செல்லையும் வளர்த்தவள் அவள்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஒரு புரதத்தின் முதுகில் ஏற்றித்தான் செல்லுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அந்தப் புரதம் இரண்டு பாட்டில் இருந்தது. புதியதில் கொழுப்பை உருவி எடுத்திருந்தார்கள். பழையதில் ஏற்கெனவே ஏதேதோ கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலம் ஊற்றிய செல் தட்டுகளுக்கெல்லாம் பழைய பாட்டில். ஒப்பிட்டுப் பார்க்க அமிலம் இல்லாமல் வைத்த தட்டுகளுக்குப் புது பாட்டில். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள்.

போன ஆவணியில் ஒரு தட்டில் பழைய பாட்டில் புரதத்தை மட்டும் ஊற்றிப் பார்த்தாள். அமிலம் ஒரு சொட்டுகூட இல்லை.

சாயம் நின்றுவிட்டது.

மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் நின்றது. அப்படியானால் வாசலைச் சாத்தியது அமிலம்தான் என்று சொல்ல முடியாது, பழைய பாட்டிலாகவும் இருக்கலாம்.

யுகேந்திரனுக்கு வழிகாட்டும் ஆய்வகப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். தட்டைக் கொட்டச் சொன்னார். கொட்டினாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்ததை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? தான் வளர்த்த செல்களின் பேரில் ஒரு தப்பு அச்சேறப் போகிறது. அதை உட்கார்ந்து பார்க்க அவளால் ஆகவில்லை.

பேராசிரியர் கையைப் பார்த்தார். ஏதோ டீ விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

கை இறங்கவில்லை.

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கேளுங்கள் என்றார்.

எழுந்தாள். மைக் வரவில்லை. அவள் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"யுகேந்திரன் தம்பி, அமிலம் ஊத்துன தட்டுக்கு எந்த பாட்டில் புரதம்ங்க? ஊத்தாத தட்டுக்கு எந்த பாட்டில்?"

பொட்டலம் கட்டுகிற சத்தம் நின்றது.

பேராசிரியர் சிரித்தார். எங்கள் லேப் உதவியாளர்தான், ஆர்வக் கோளாறு, பிறகு நானே விளக்கிவிடுகிறேன் என்று தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பதினாறு வருடம் ஆய்வகத்தில் இருப்பவளுக்கு இந்த ஆங்கிலம் புரியாது என்று நினைத்தாரே, அதுதான் வேடிக்கை.

தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். கேள்வி கேட்பவரின் பெயரைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. பெயர் என்ன என்றார்.

"கா. மயிலாத்தாள்ங்க. கடைசி 'ள்'ளை விட்றாதீங்க."

எழுதிக்கொண்டார். பெயர் ஏறினால் கேள்வியும் ஏறும். கேள்வி ஏறினால் பதிலும் ஏறியாக வேண்டும். பேராசிரியரின் சிரிப்பு அங்கேதான் கழன்றது.

சரி, உட்காருங்கள் என்றார் தேர்வாளர்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பதில் வரட்டுங்க மேடம். அதுவரைக்கும் நின்னுக்கறேன்."

நின்றாள்.

காலையிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் யுகேந்திரன் முதலில் பேராசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். இந்த முறை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மைக்கை எடுத்தான்.

"அக்கா..." என்று ஆரம்பித்தான்.