பத்தொன்பதாவது டேக்

"போகாதே. நீ நடமாடாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்து குரல்காரன் இதைச் சொல்லி முடித்ததும், இந்தப் பக்கம் சோபாவில் இருந்த பதிப்பாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா! நானூறு பக்கமும் இந்த ஒரு வரிக்காகத்தாம்மா. முடிஞ்சுது, இல்ல?"

ஒலிப்பதிவு செய்யும் இன்ஜினியரம்மா மேஜையிலிருந்த பொத்தானை அழுத்தி மைக் அறைக்குள் பேசினாள். "இன்னொரு டேக் போலாம் சார்."

அந்த வரியை அவன் சொன்னது அது ஏழாவது முறை.

நூறு வருடப் பழைய நாவல் அது. மூன்று வாரமாக ஆடியோ புத்தகமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. கதையில் ஒரு கணவன். மனைவிக்கு எல்லாம் வாங்கித் தருவான், வாயை மட்டும் திறக்க மாட்டான். கடைசி அத்தியாயத்தில் அவள் பெட்டியோடு வாசலில் நிற்கும்போதுதான் அந்த வரியைச் சொல்வான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். அதோடு கதை முடிந்தது. இதற்கு இந்தக் குரல்தான் பொருந்தும் என்று அடம்பிடித்து அவனை வரவழைத்தவளே இன்ஜினியரம்மாதான்.

"என்ன குறைன்னு சொன்னாத் திருத்திக்கலாம்," என்றான் குரல்காரன். "ஏத்தமா, இறக்கமா?"

"ரெண்டும் சரியா இருக்கு. ஆனா மைக்குக்குச் சொல்ற மாதிரி இருக்கு. எதிர்ல அவ நிக்கிறதா நினைச்சுக்கங்க."

"எதிர்ல நீங்கதானே இருக்கீங்க."

"அப்ப என்னையே பார்த்துச் சொல்லுங்க."

அவன் அறையில் பளிச்சென்று விளக்கு. அவள் பக்கம் இருட்டு. கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது அவன் முகம்தான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சொன்னான். நன்றாகவே சொன்னான், பாவி.

"இன்னொண்ணு."

பன்னிரண்டாவது டேக்கில் பதிப்பாளர் நெளிய ஆரம்பித்தார். "இன்ஜினியரம்மா, எனக்கு வயிறு கத்துது. அதுவும் சேர்ந்து பதிவாயிடப் போகுது."

குரல்காரன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். முகத்தில் கடுப்பு இருந்தது. "நிஜத்துல எவன் சார் இப்படிப் பேசுவான்? கட்டினவளுக்கு வீடு வாசல், நகை நட்டு, ஒரு குறையில்லாமச் செஞ்சாப் போதாதா? வாயத் தொறந்து வேற சொல்லணுமா?"

"போதாதுன்னுதானே ஒருத்தர் அந்தக் காலத்துலயே மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கார்," என்று பதிப்பாளர் சிரித்தார். "சோத்துக்கும் துணிக்கும் மேல மனுஷனுக்கு ஒண்ணு வேண்டியிருக்கு சார். இல்லேன்னா இந்தக் கதையெல்லாம் இன்னிக்கு வரைக்கும் யார் படிப்பா?"

"படிக்க நல்லாத்தான் இருக்கு."

இன்ஜினியரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அந்தப் புருஷன் ஏன் அத்தனை வருஷம் சொல்லலை? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அவளுக்கே தெரியும்னு இருந்திருப்பான்."

"அவளுக்குத் தெரியலையே."

"அது அவ தப்பு."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.  அவள் பதிவுக்கான சிவப்பு விளக்கைப் போட்டாள்.

பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. பதிப்பாளருக்கே அந்த வரி மனப்பாடமாகி, உதட்டுக்குள் கூடவே முணுமுணுத்தார். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எதையோ எதிர்பார்ப்பதும், அது வராமல் போவதும் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பதினெட்டாவது டேக்கில் 'போகாதே' என்று சொன்னவனின் குரல் உடைந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. பதிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்விட்டாள். அந்த ஒரு நொடி அவளுக்கு உடம்பெல்லாம் நம்பிக்கை வந்தது.

"சாரி," என்று குரல்காரன் செருமினான். "சளி. மறுபடி போலாம்."

பத்தொன்பதாவது டேக்கில் பிசிறே இல்லை. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு மூச்சு, எல்லாம் கணக்காக விழுந்தது. கேட்டு முடித்ததும் அவளுக்குள் என்னவோ அணைந்துபோனது.

"போதும் சார். வெளிய வாங்க."

பதிப்பாளர் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். "பத்தொன்பதுல எதைம்மா வைக்கப் போறீங்க?"

"முதல் டேக்தான் சார்."

"முதல் டேக்கா! அப்புறம் எதுக்கு மனுஷனை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"ஒரு நப்பாசைதான் சார்."

அவருக்குப் புரியவில்லை. பசியில் புரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. வெளியே வந்த குரல்காரனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"என்னமா உருகுறீங்க! உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க சார்."

குரல்காரன் சிரித்துக்கொண்டான். பதிப்பாளர் போனதும் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அறையில் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். மைக்கில் பேசிய குரல் இல்லை இப்போது, சாதாரணக் குரல்.

"நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டுக்கு வந்துடு. ரெண்டு பேருக்கும் சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம், விவாகரத்து நாளைக்கே கிடைச்சிடும்னு வக்கீல் சொன்னார்."

"சரி," என்றாள். பதினான்கு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள், 'போகாதே' என்று அவன் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.